70 கிலோ சரி, வைக்கிற எடம் எங்க? ஃபர்ஸ்ட் ஏசி கேபின் லக்கேஜ் பத்தி ஒரு திறந்த மடல்

ரயில் பெட்டி டிசைன் பண்றவங்களுக்கும், லக்கேஜ் விதி எழுதுற அதிகாரிகளுக்கும்,

2025 டிசம்பர்ல மக்களவையில ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் எழுத்துப்பூர்வமா குடுத்த பதில் பேப்பர்ல வந்துச்சு, எல்லாரும் படிச்சிருப்பீங்க. செகண்ட் கிளாஸ்னா 35 கிலோ, ஸ்லீப்பர், தேர்ட் ஏசி 40 கிலோ, செகண்ட் ஏசி 50, ஃபர்ஸ்ட் ஏசி 70. அதுக்கு மேல போனா லக்கேஜ் ரேட்ல ஒன்றரை மடங்கு கட்டணும், கட்டினாலும் ஒரு உச்சவரம்பு இருக்கு, ஃபர்ஸ்ட் ஏசிக்கு அது 150 கிலோ. இதெல்லாம் புதுசு இல்ல, பல வருஷமா இருக்கிற விதிதான்னும் சொன்னாங்க. சரி. எடையைப் பத்தி எனக்கு சண்டையே இல்ல. ஆனா அந்த 70 கிலோவை ஏறினதுக்கு அப்புறம் எங்க வைக்கிறதுன்னு ஒரு வரி கூட எங்கயும் இல்லையே, அதைக் கேக்கத்தான் இந்த மடல்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. ஃபர்ஸ்ட் ஏசி கேபின்னா நாலு பெர்த். நாலு பேரும் உங்க விதிப்படி இலவசமா கொண்டு வரக்கூடியது 280 கிலோ. பணம் கட்டி உச்சவரம்பு வரைக்கும் கொண்டு வந்தா 600 கிலோ, அதாவது அரை டன்னுக்கு மேல. இது அத்தனையும் போக வேண்டிய எடம் ரெண்டு லோயர் பெர்த்துக்கு அடியில இருக்கிற சந்து மட்டும்தான். அங்க போகலைன்னா ரெண்டு பெர்த்துக்கும் நடுவுல கால் வைக்கிற எடம். அந்தக் கால் வைக்கிற எடத்துலதான் நாலு பேர் செருப்பு கிடக்கணும், மேல் பெர்த்துக்காரங்க ஏறி இறங்கணும், ஜன்னலோர மேஜைக்குக் கீழ குப்பைக்கூடை இருக்கணும், சாப்பாட்டு டப்பாவை வச்சு சாப்பிடணும், ராத்திரி பாத்ரூம் போறவங்க நடக்கணும்.

அப்புறம் அளவு. உங்க விதிப்படி கோச்சுக்குள்ள கொண்டு வர்ற பொட்டி 100 செ.மீ நீளம், 60 செ.மீ அகலம், 25 செ.மீ உயரத்துக்குள்ள இருக்கணும், அதைத் தாண்டினா பிரேக் வேன்ல, அதாவது வண்டியோட சாமான் ஏத்துற பெட்டியில, புக் பண்ணிப் போடணும். இந்த 25 செ.மீ எந்தக் காலத்துக் கணக்குன்னு தெரியல, இரும்பு டிரங்குப் பொட்டியும் ஹோல்டாலும் தூக்கிட்டுப் போன காலத்துக்குத்தான் சரியா வரும். இன்னைக்கு கடையில போய் 28 இஞ்ச் ட்ரோலி சூட்கேஸ் ஒண்ணு வாங்குங்க, எந்த பிராண்டா இருந்தாலும் பருமன் 30 செ.மீ கிட்ட வரும். அதாவது கடையில சாதாரணமா விக்கிற பெரிய சூட்கேஸ் உங்க விதிப்படி கேபினுக்குள்ளயே வரக்கூடாது. ஆனா எந்த டிடிஇயும் அதை நிறுத்தினதில்ல, நிறுத்தவும் முடியாது, நிறுத்தினா பாதி கோச் பிளாட்பாரத்துலயே நிக்கும். தேர்ட் ஏசிக்கு எழுதி வச்சிருக்கிறது இன்னும் கூத்து, 55க்கு 45க்கு 22.5 செ.மீ, ஃப்ளைட்ல தலைக்கு மேல வைக்கிற பை அளவு, அதுல 40 கிலோ கொண்டு வரலாமாம்.

சரி விதியை அப்படியே மதிச்சு நாலு பேரும் 100 செ.மீ பொட்டி ஆளுக்கு ஒண்ணு கொண்டு வர்றோம்னே வச்சுக்கோங்க. ஆறடி சொச்சம் நீளமுள்ள பெர்த்துக்கு அடியில நீளவாக்குல ஒரு பொட்டி தள்ளிட்டா மிச்சம் இருக்கிற எடத்துல கைப்பைதான் போகும், இன்னொரு பொட்டி போகாது. குறுக்கவாட்டுல தள்ளினா முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும். ஆக விதியை மதிச்ச நாலு பேர்ல ரெண்டு பேர் பொட்டி தெருவுலதான். விதியும் பெட்டியும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்ல போலருக்கு, ரெண்டையும் வேற வேற ரூம்ல உக்காந்து எழுதியிருக்காங்க.

இதெல்லாம் பேப்பர் கணக்கு, இப்ப எனக்கு நடந்ததை சொல்றேன். எந்த வண்டி, எந்த தேதின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா அந்த டிடிஇ மேலயோ கோச் அட்டெண்டன்ட் தம்பி மேலயோ எனக்கு ஒரு குறையும் இல்ல, பாவம் அந்தத் தம்பி ராத்திரி பூரா எங்களுக்காக அலைஞ்சான்.

சென்னையில இருந்து தெற்க போற ராத்திரி வண்டி. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், சுகர் வேற, அதனாலதான் ஃபர்ஸ்ட் ஏசி. சொகுசுக்கு இல்ல சார், கதவு சாத்தின கேபின், லோயர் பெர்த், பாத்ரூம் கிட்டக்க, இந்த மூணுக்காகத்தான் அவ்வளவு காசு குடுக்கிறது. ரெண்டு பேர் போற கூபே கிடைச்சா நிம்மதி, ஆனா கூபேயா கேபினான்னு டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, வெறும் கன்ஃபர்ம்னு மட்டும் வரும், சார்ட் போட்டாத்தான் எந்த எழுத்து எந்த நம்பர்னு தெரியும். எங்களுக்கு கேபின் விழுந்துச்சு, நல்லவேளையா லோயர் ரெண்டும் எங்களுக்கே. மேல ஒரு பக்கம் கல்யாணத்துக்குப் போற ஒரு அண்ணாச்சி, இன்னொரு பக்கம் செங்கல்பட்டுல ஏறின ஒரு சின்னப் பையன், காலேஜ் ஹாஸ்டல் காலி பண்ணிட்டு ஊருக்குப் போறான்.

கல்யாண வீட்டு லக்கேஜும் ஹாஸ்டல் காலி பண்ற லக்கேஜும் எப்படி இருக்கும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அண்ணாச்சிகிட்ட ரெண்டு சூட்கேஸ், ஜவுளிக்கடை கட்டைப்பை மூணு, ஒரு அட்டைப்பொட்டி. எங்ககிட்ட ஒரு பெரிய சூட்கேஸ், ஒரு சின்னது, அம்மாவோட வாக்கர், அப்புறம் அதே மாதிரி ஒரு கட்டைப்பை. எங்க சூட்கேஸ் பெர்த்துக்கு அடியில பாதி போய் நின்னுடுச்சு, உள்ள ஒரு கம்பி குறுக்க வருது, படுக்கப்போட்டாலும் இடிக்குது, நிமித்தி வச்சாலும் இடிக்குது. கடைசியில எல்லாரும் செய்யறதைத்தான் நாங்களும் செஞ்சோம், பெரிய பொட்டியெல்லாம் நடுவுல நிமித்தி வரிசையா நிறுத்தியாச்சு. செங்கல்பட்டுல பையன் ஏறினப்ப அவன் பேக்கை கையில வச்சுக்கிட்டு கதவுகிட்டயே நிக்கிறான், உள்ள கால் வைக்க எடமில்ல. அண்ணாச்சி "தம்பி மேல தூக்கிப் போட்டுக்கோ"ன்னாரு, அவனும் அந்தப் பேக்கை தன்னோட பெர்த்துலயே கால்மாட்டுல வச்சு முழங்காலை மடக்கிக்கிட்டே படுத்தான். ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட்டுக்குக் காசு குடுத்த பையன் முக்கால் பெர்த்துல தூங்கினான்.

அம்மா ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிப்பாங்க. இருட்டுல நீல லைட் மட்டும்தான். நடுவுல நிக்கிற சூட்கேஸுக்கு சக்கரம் இருக்கா, வண்டி பிரேக் போடுறப்பெல்லாம் அது தானா நகருது, ஒருக்கா இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம். அம்மா கால் கீழ வச்சாங்க, பொட்டியோட ஓரத்துல முழங்காலுக்குக் கீழ எலும்புல இடிச்சு தோல் உரிஞ்சிருச்சு. சுகர்காரங்களுக்கு கால்ல காயம்னா என்னன்னு வீட்ல பெரியவங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் புண்ணு ஆற எவ்வளவு நாள் எடுத்துச்சுன்னு நான் இங்க எழுதப்போறதில்ல.

அம்மாவைத் தனியா பாத்ரூம் அனுப்ப முடியாது, கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். அப்போ கேபின்ல எங்க சாமானை யார் பார்த்துக்குவா? இங்கதான் அடுத்த பிரச்சினை. கேபின் கதவை உள்ள இருந்து தாழ்ப்பாள் போடலாம், வெளிய இருந்து பூட்ட பயணிக்கு ஒரு வழியும் இல்ல. சாவி கிடையாது, கார்டு கிடையாது, பூட்டு மாட்ட ஒரு கொண்டி கூடக் கிடையாது. மேல ரெண்டு பேர் தூங்குறாங்க, அவங்களை எழுப்பி "கொஞ்சம் பார்த்துக்கோங்க"ன்னு சொல்ல முடியுமா, சொன்னாலும் அவங்களும் முன்பின் தெரியாதவங்கதானே. பர்ஸையும் போனையும் எடுத்துக்கிட்டு கதவை இழுத்து சாத்திட்டுப் போனோம்.

வண்டி அப்ப மதுரையில நின்னுச்சு. அண்ணாச்சி இறங்குற ஸ்டேஷன் அதுதான். நாங்க பாத்ரூம் கிட்ட நிக்கிறோம், அவரு மூச்சு வாங்க ஒவ்வொண்ணா இழுத்துட்டுப் போறதைப் பார்த்தேன், தூக்கத்துல இருந்த பையனை எழுப்பக்கூடாதுன்னு அந்த மனுஷன் லைட்டைக் கூடப் போடல. கேபின்ல இருந்து காரிடர், காரிடர்ல ரெண்டு சூட்கேஸ் பக்கத்துல பக்கத்துல போகாது, முன்னாடி ஒண்ணை வச்சுட்டு திரும்ப வந்து இன்னொண்ணு, கதவுகிட்ட அட்டெண்டன்ட் தம்பியோட பெட்ஷீட் மூட்டை வேற.

விடியக்காலம் அம்மா "ஏட்டி, என் ஊசிப் பை எங்க?"ன்னாங்க. கட்டைப்பை இருந்த எடத்துல கட்டைப்பை இருக்கு. ஆனா உள்ள இருந்தது ஒரு பட்டு வேட்டி, ஒரு டப்பா அதிரசம், கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு. இன்சுலின் பேனா, மாத்திரை, காது மிஷின் எல்லாம் இருந்த எங்க பை மதுரையில இறங்கிருச்சு.

அண்ணாச்சி திருடர் இல்ல. அவரும் எங்களை மாதிரியே இருட்டுல தடவி எடுத்துட்டுப் போனவர்தான். பத்திரிகையில இருந்த நம்பருக்குப் போன் போட்டு, மண்டபத்துல ஆளைப் பிடிச்சு, அவரு பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, பை மறுநாள் கை மாறுச்சு. ஆனா அன்னைக்குக் காலைல இன்சுலின் இல்லாம அம்மா சாப்பிடவே மாட்டேன்னுட்டாங்க, ஊர்ல இறங்கி மெடிக்கல் ஷாப் ஒண்ணு ஷட்டரைத் தூக்குற வரைக்கும் ஆட்டோவுலயே உக்காந்திருந்தோம். வண்டியிலயே ரயில்வே ஹெல்ப்லைன் 139க்கு அடிச்சேன், புகாரைப் பதிஞ்சாங்க, மரியாதையாத்தான் பேசினாங்க. கடைசியில வந்த பதில் ஒரே வரிதான், கையோட கொண்டு போற லக்கேஜுக்கு பயணிதான் பொறுப்பு.

அந்த ஒரு வரி சட்டப்படி சரின்னு எனக்கும் தெரியும். 1989 ரயில்வே சட்டம் பிரிவு 100 அதைத்தான் சொல்லுது. ரயில்வே ஊழியர் புக் பண்ணி ரசீது குடுத்த லக்கேஜுக்குத்தான் ரயில்வே பொறுப்பு, பயணி தன் கையோட கொண்டு போறதுன்னா ரயில்வே பக்கம் அலட்சியமோ தப்போ இருந்துச்சுன்னு நிரூபிச்சாத்தான் உண்டு. 2023ல சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொல்லிடுச்சு, இடுப்புல கட்டின துணி பெல்ட்ல இருந்து 1 லட்சம் ரூபாய் போன ஒரு பயணி வழக்கு, தன் பொருளைத் தானே பாதுகாக்க முடியலைன்னா ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது, இது சேவைக் குறைபாடு ஆகாதுன்னு.

நல்லது. பொறுப்பு எங்களுதுன்னே ஒத்துக்கிறேன். அப்போ அந்தப் பொறுப்பை செய்யறதுக்கு வேண்டிய சாதனத்தை எங்க கையில குடுங்க. கதவுக்கு பூட்டு உங்ககிட்ட, பெட்டியோட வடிவம் உங்ககிட்ட, யாரை யார்கூட ஒரே கேபின்ல போடுறதுங்கிறது உங்ககிட்ட, பொறுப்பு மட்டும் என்கிட்டன்னா என்ன நியாயம்? இதுல ஒரு வேடிக்கை பாருங்க, அதே ரயில்வேயோட ஸ்டேஷன் கிளோக் ரூமுக்குப் போனா பூட்டுப் போடாத பொட்டியை வாங்கவே மாட்டாங்க. பூட்டு இல்லாம சாமானை விட்டுட்டுப் போறது தப்புன்னு உங்களுக்கு ஸ்டேஷன்ல தெரியுது, ஓடுற வண்டியில தெரியலை.

சங்கிலி போட்டுக் கட்டுங்கன்னு சொல்வீங்க. லோயர் பெர்த்துக்கு அடியில அதுக்கு வளையம் இருக்கு, உண்மைதான், பிளாட்பாரத்துல சங்கிலியும் பூட்டும் வாங்கி நாங்களும் கட்டுவோம். ஆனா வளையத்துக்குப் பக்கத்துல பொட்டி போனாத்தானே கட்ட முடியும், நடுவுல நிக்கிற பொட்டியை எதோட கட்டுறது, ஏணியோடயா? மேல் பெர்த்துக்காரங்க வளையத்துக்கு எங்க போவாங்க, எங்க காலுக்கடியில குனிஞ்சு தேடுவாங்களா? அந்த ஹாஸ்டல் பையன் மாதிரி ஆளுங்களுக்குக் கீழ எந்த எடம் தன்னோட எடம்னு எழுதியே வைக்கலையே. முதல்ல ஏறினவங்க எடம் பிடிச்சுக்கிறாங்க, வழியில ஏறுறவங்க கெஞ்சணும். கதவை உள்ள தாழ் போட்டுத் தூங்குறப்ப நடுராத்திரி திண்டுக்கல்லயோ திருச்சியிலயோ ஏறுறவங்க தட்டித் தட்டி, எல்லாரும் எழுந்து, லைட் போட்டு, பொட்டியெல்லாம் ஒதுக்கி, ஒரு பெரிய கலவரம். ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் தூங்குற நேரம்னு நீங்களே சொல்றீங்க.

பிரேக் வேன்ல போடுங்கன்னு ஒரு பதில் எப்பவும் ரெடியா இருக்கும். வண்டி கிளம்ப அரை மணி நேரம் முன்னாடியாவது லக்கேஜ் ஆபீஸ்ல பொட்டியைக் கொண்டு போய்க் காட்டணும், எடை போடணும், ரசீது வாங்கணும், அப்புறம் அங்க இருந்து பிளாட்பாரத்துக்கு ஓடணும். வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க அம்மாவை எங்க உக்காத்தி வச்சுட்டு இதை செய்யறது? இறங்குறது ரெண்டு நிமிஷம் நிக்கிற ஸ்டேஷன்னா, நம்ம கோச் ஒரு கோடியில, பிரேக் வேன் இன்னொரு கோடியில, அங்க ஓடிப்போய் ரசீதைக் காட்டி இறக்கி வாங்குறதுக்குள்ள வண்டி அடுத்த ஊர் போயிரும். பீரோவோ பைக்கோ அனுப்பறவங்களுக்கு பிரேக் வேன் சரி. நாலு நாள் ஊருக்குப் போற குடும்பத்தோட சூட்கேஸுக்கு அது பதில் இல்ல.

எடமே இல்ல, ரேக் வச்சா பெர்த் குறையும், வருமானம் போகும்னு இன்னொரு பதில் வரும். எல்ஹெச்பிங்கிற இப்போதைய மாடல் ஃபர்ஸ்ட் ஏசி கோச்ல மொத்தமே 24 பெர்த். ஒரு முழு கோச்சுக்கு 24 பேர். ஒரு கோடியில ஆள் உயர அலமாரி ஒண்ணு வைக்க இதுல எடம் தேட முடியாதுன்னு டிசைன் தெரிஞ்ச யாராவது சொன்னா நான் கேட்டுக்கிறேன், ஆனா முயற்சி பண்ணிப் பார்த்துட்டு சொல்லணும். அமெரிக்காவுல ஆம்ட்ராக்கோட ரெண்டடுக்கு ஸ்லீப்பர் பெட்டியில கீழ்த்தளத்துல பெரிய பொட்டிகளுக்குன்னு பொது ரேக் இருக்கு, அறை சின்னது, பெரிய பொட்டி உள்ள போகாதுன்னு அவங்களே ஒத்துக்கிட்டு வச்சது. (அங்கயும் அறையை வெளிய இருந்து பூட்ட முடியாது, அதையும் சொல்லிடுறேன், வெளிநாடுன்னா எல்லாம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல.) லண்டன்ல இருந்து ஸ்காட்லாந்து போற கலிடோனியன் ஸ்லீப்பர்ல புதுப் பெட்டி வந்தப்ப ஓட்டல் மாதிரி அறைக்குக் கீ கார்டு குடுத்துட்டாங்க. ஆஸ்திரியாவோட நைட்ஜெட் 2023 டிசம்பர்ல விட்ட புது வண்டியில ஒரு ஆள் மட்டும் படுக்கிற குட்டி கேபினுக்குக் கூட கைப்பையும் ஷூவும் வைக்கப் பூட்டுற லாக்கர் தனியா இருக்கு. நம்ம ஊர்ல ஒரு சாதாரண லாட்ஜ்ல 800 ரூபாய் ரூமுக்கு சாவி குடுக்கிறாங்களே.

இப்ப ஏன் இதை அவசரமா எழுதுறேன்னா, புதுப் பெட்டிகள் இப்பத்தான் வந்துக்கிட்டு இருக்கு. வந்தே பாரத் ஸ்லீப்பர் 2026 ஜனவரியில ஹவுராவுல இருந்து குவாஹாட்டி பக்கம் ஓட ஆரம்பிச்சிருச்சு, 16 பெட்டி, 823 பெர்த், அதுல ஃபர்ஸ்ட் ஏசி ஒரே ஒரு பெட்டி. குளிக்கிற ஷவர், வெந்நீர், பிரெய்ல்ல எழுதின பெர்த் நம்பர், கைதட்டலாம். ஆனா ஒரு டிசைன் ஃபேக்டரிக்குப் போயிருச்சுன்னா அப்புறம் முப்பது வருஷத்துக்கு அதே பெட்டிதான் ஓடும். இன்னும் எத்தனையோ வண்டி தயாராகப் போகுது, மாத்தணும்னா இப்பத்தான் மாத்தணும்.

அதனால நான் கேக்கிறது இதுதான்.

ஒவ்வொரு கேபினுக்கும் கூபேக்கும் வெளிய இருந்து பூட்டுற வசதி வேணும். கார்டு முறை செலவுன்னா நம்பர் பூட்டு போதும், சார்ட் போட்டதும் நம்பரை அந்த கேபின்காரங்க போனுக்கு அனுப்புங்க, டிடிஇகிட்டயும் அட்டெண்டன்ட்கிட்டயும் மாஸ்டர் சாவி இருக்கட்டும், உள்ள இருக்கிறவங்க அவசரத்துக்கு எப்பவும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். இப்ப ஓடுற பழைய பெட்டிக்கு இது ஆகாதுன்னா, அட்டெண்டன்ட்கிட்ட சொன்னா அவர் சாவி போட்டு பூட்டிக் குடுக்கணும்னு ஒரு உத்தரவாவது போடுங்க, இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

பெரிய சூட்கேஸுக்கு கோச் கோடியில பூட்டுற ரேக் வேணும். ஏறும்போது அட்டெண்டன்ட் டோக்கன் குடுத்து வாங்கி வைக்கட்டும், இறங்கும்போது டோக்கனைப் பார்த்து குடுக்கட்டும். 2025ல 74,000 பெட்டியில சிசிடிவி போடப்போறோம்னு அறிவிச்சீங்க, பெட்டிக்கு 4 கேமரா, கதவுகிட்டயும் பொது எடத்துலயும் மட்டும்னு சொன்னீங்க, அந்தக் கேமரா கண்ணுல படுற எடத்துலயே ரேக்கை வைங்க. டோக்கன் குடுத்து வாங்கின பொட்டிக்குப் பொறுப்பு ரயில்வேயோடதுன்னு தெளிவா எழுதுங்க, ரசீது குடுத்தா பொறுப்புன்னு உங்க அதே பிரிவு 100 சொல்லுதே.

கேபினுக்குள்ள நாலு பெர்த்துக்கும் நாலு எடம் ஒதுக்கி நம்பர் ஒட்டுங்க. அப்பர் பெர்த் 2க்கு இந்தப் பாதி, லோயர் 1க்கு அந்தப் பாதின்னு. வளையமும் நாலு வேணும், கை எட்டுற எடத்துல. பெர்த்துக்கு அடியில குறுக்க வர்ற கம்பி, பொட்டியை தடுக்கிற எதுவா இருந்தாலும் ஓரமா நகத்துங்க. தரையை ஒட்டி கணுக்கால் உயரத்துல ஒரு சின்ன லைட், ராத்திரி எந்திரிச்சா கால் வைக்கிற எடம் தெரியற அளவுக்கு.

அளவு விதியைத் திருத்துங்க. 25 செ.மீங்கிறதை கடையில விக்கிற பொட்டியைப் பார்த்து மாத்துங்க, இல்லைன்னா அந்த அளவுதான் போகும்னா டிக்கெட் எடுக்கும்போதே பெர்த்துக்கு அடியில இருக்கிற நீளம், அகலம், உயரத்தை ஸ்கிரீன்ல காட்டுங்க, நாங்க வீட்லயே டேப் வச்சு அளந்துட்டு வர்றோம். 70 கிலோன்னு மட்டும் எழுதி விட்டுட்டு மீதியை எங்க தலையில கட்டாதீங்க.

வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, கூட ஒரு ஆள் துணைக்கு வர்றவங்க, இவங்களுக்கு கூபேயில முதல் உரிமை குடுங்க. இப்ப ராத்திரி வண்டிக்கு 10 மணி நேரம் முன்னாடியே சார்ட் போடுறீங்க, அதனால யாரு கூட யாருன்னு பார்த்துப் போட நேரமும் இருக்கு. யாரோட சிபாரிசுல யாருக்கு கூபே போகுதுங்கிற கதையை நான் இங்க கிளப்பல, அது உங்களுக்கே தெரியும்.

இந்த மடலுக்கு பதில் போடுறதா இருந்தா, "தங்கள் ஆலோசனை பரிசீலனையில் உள்ளது"ன்னு தயவுசெஞ்சு வேணாம், அது ஏற்கனவே ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். பூட்டு, ரேக், நம்பர் போட்ட எடம், இந்த மூணுல எதை முதல்ல எந்த ஃபேக்டரியில, எந்தப் பெட்டியில சோதனைக்கு செஞ்சு பார்க்கப் போறீங்க, எந்த மாசத்துக்குள்ளன்னு எழுதுங்க. செய்ய முடியாதுன்னா ஏன் முடியாதுன்னு அளவோட எழுதுங்க. அந்த அட்டெண்டன்ட் மாஸ்டர் சாவி உத்தரவை மட்டும் இந்த மாசமே போட்டுருங்க, அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

இப்படிக்கு,
அம்மாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி வண்டியில ஊருக்குப் போற ஒரு மகள்